பக்கத்து மனையில் எட்டு வீடு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "மனை, வீடு, கட்டிட விதி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள்" என்று தெரியாத்தனமாக ஒரு வரி போட்டுவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் மேல் புகார். சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற இடங்களும் இருப்பதால் யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும். நான் வக்கீல் இல்லை. முப்பது வருஷம் பிளான் வரைந்து பிழைத்தவன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு முழுக்க ஒரு கிரவுண்டுக்கு ஒரு தனி வீடு. இப்போது என் இடது பக்க வீட்டை இடித்துவிட்டு ஸ்டில்ட் (கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் வைத்த கீழ்த்தளம்) மேல் நாலு மாடி, எட்டு வீடு கட்டப்போகிறார்களாம். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பம்! இதற்கு எப்படி அப்ரூவல் கொடுத்தார்கள்? காசு விளையாடியிருக்குமோ?
– மடிப்பாக்கம்

காசு விளையாடாமலேயே நடக்கும் சார், அதுதான் உங்களுக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. 40-க்கு 60 மனை என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தம் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்று சொல்கிற எண்தான் எஃப்.எஸ்.ஐ. முன்பு சாதாரணக் கட்டிடங்களுக்கு அது 1.5. அதாவது எல்லா மாடியையும் கூட்டினால் 3600 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் என்று ஒன்று வந்து அதை 2 ஆக்கியது, ஆக 4800. அதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசுக்குப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம், அதன் பெயர் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. அந்த விதி வந்தபோது, தெரு 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் இருந்தால் 30 சதவீதம் கூடுதல், 12-லிருந்து 18-க்குள் 40 சதவீதம், 18-க்கு மேல் 50 சதவீதம். உங்கள் தெரு 30 அடி என்று எழுதியிருக்கிறீர்கள், அது கிட்டத்தட்ட 9 மீட்டர். சர்வேயில் 9 தேறிவிட்டால் 4800-உடன் 30 சதவீதம் சேர்ந்து 6240 சதுர அடி.

இப்போது மனையைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு நாலு பக்கமும் 5 அடி விட்டால் உள்ளே கட்ட மிஞ்சுவது 30-க்கு 50, 1500 சதுர அடி. பழைய 3600-ஐ 1500-ஆல் வகுத்தால் இரண்டு மாடியும் சொச்சமும், மாடிக்கு இரண்டு வீடு என்றால் நாலு வீடு. 4800-க்கு மூன்று மாடி, ஆறு வீடு. 6240-க்கு நாலு மாடி, எட்டு வீடு. மண் அதேதான், மனையும் அதேதான், தாளில் எண் மாறிய இரண்டே தடவையில் நாலு எட்டாகிவிட்டது. (உயரம் கூடக் கூட பக்க இடைவெளியும், அதாவது செட்பேக்கும், கூடும், அதனால் நிஜ பிளானில் வீடுகள் இன்னும் சிறுத்துப்போகும். கணக்குப் புரிவதற்காக எளிமையாகச் சொன்னேன்.)

எனக்கு இதில் வேறு ஒரு குறை உண்டு. இந்த விதி சதுர அடியைத்தான் எண்ணுகிறது, ஆளை எண்ணுவதில்லை. அதே 6000 சதுர அடியை பணக்காரர்கள் இருக்கும் போட் கிளப் பக்கம் மாடிக்கு ஒரு வீடாக நாலு வீடு கட்டுவார்கள், உங்கள் பக்கம் எட்டு. ஆனால் சாக்கடைக் குழாய்க்கும் தண்ணீர் லாரிக்கும் கணக்கு ஆள்தான், சதுர அடி இல்லை. அடிப்படை வசதிக் கட்டணம் என்று பெரிய கட்டிடங்களிடமிருந்து ஒரு தொகை வாங்குகிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அது மாநில அளவிலான நிதியில் போய்ச் சேர்கிறது. உங்கள் தெருவில் வாங்கியது உங்கள் தெருக் குழாய்க்கே திரும்பி வர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் நீங்கள் எட்டு வீட்டை எதிர்த்துச் சண்டை போடுவதைவிட இந்தப் பணத்தைக் கேட்டுச் சண்டை போடலாம்.

அப்புறம், உருப்படியாக ஒன்று சொல்கிறேன். அவர்கள் கடப்பாரை எடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டுச் சுவர், காம்பவுண்டு, கிணறு எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். அஸ்திவாரம் தோண்டியதும் விரிசல் விட்டால், "அது முன்னாடியே இருந்தது சார்" என்பதுதான் மேஸ்திரி வாயில் வருகிற முதல் வார்த்தை.

சென்னையில் எந்தப் புதுக் கட்டிடத்தைப் பார்த்தாலும் கொக்கு மாதிரி காலில் நிற்கிறதே, ஏன்? கீழே வீடு கட்டினால் எங்களைப் போன்ற வயசானவர்களுக்கு உதவுமே?
– குரோம்பேட்டை

உதவும் அம்மா. ஆனால் கீழ்த்தளத்தில் வீடு கட்டினால் அது எஃப்.எஸ்.ஐ. கணக்கில் ஏறும், கார் நிறுத்த விட்டால் ஏறாது. அந்த ஒரு வரிக்காகத்தான் ஊரே காலில் நிற்கிறது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராது என்பது கூடுதல் லாபம், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதையே விளம்பரமாகவும் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம், அது போக உள்ளே வந்து திரும்ப ஒரு பாதை. ஒரு கிரவுண்டு ஸ்டில்ட்டில் தூண்களுக்கு நடுவே படம் போட்டுப் பார்த்தால் ஐந்தாறு காருக்கு மேல் அடக்குவது கஷ்டம். கொஞ்சம் பெரிய வீடாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கார் இடம் காட்டியே ஆக வேண்டும். ஆக, மேலே எத்தனை குடும்பம் என்பதைப் பல மனைகளில் கீழே எத்தனை கார் என்பதுதான் முடிவு செய்கிறது. நான் பிளான் வரையும்போது முதலில் வரைவது ஸ்டில்ட்டைத்தான். காருக்கு இடம் பார்த்துவிட்டு அப்புறம் மனிதருக்கு. ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) முப்பது மாடி வருகிறது. ஊருக்கு நடுவே, ரயில், பஸ், மார்க்கெட் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் மேற்கு மாம்பலத்தில் அதிகம் போனால் ஐந்து மாடி. தலைகீழாக இருக்கிறதே?
– மேற்கு மாம்பலம்

தலைகீழ்தான், சந்தேகமே இல்லை. இந்தத் தடவை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

நம் ஊர் விதிகளில் மாடி எண்ணிக்கையை முடிவு செய்வது ரயில் நிலையம் எவ்வளவு பக்கம் என்பதல்ல, வாசலில் இருக்கும் தெரு எவ்வளவு அகலம் என்பது. 18.3 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டிடம். முன்பு அந்தக் கோடு 15.25 மீட்டராக இருந்தது, அதனால்தான் பழைய அடுக்குமாடிகள் ஸ்டில்ட் மேல் நாலோடும் புதியவை ஐந்தோடும் நிற்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டிடம். அதற்கு எஃப்.எஸ்.ஐ. 3.25 வரை கிடைக்கும், பிரீமியம் சேர்த்தால் 4.87. ஆனால் முழுசாகக் கிடைக்க 18 மீட்டர் சாலை வேண்டும், அறுபது அடி. தீயணைப்புத் துறை, போக்குவரத்துப் போலீஸ், விமான நிலைய ஆணையம் என்று ஒவ்வொருவரிடமும் தடையின்மைச் சான்று வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர நாலு பக்கமும் 20 அடியைப் போல காலியாக விட வேண்டும்.

உங்கள் தெருவில் மனையின் அகலமே 40 அடி. இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 விட்டால் நடுவில் மிஞ்சுவது சுவர் வைக்கக்கூட இல்லாத ஒரு கோடு! ஏழெட்டு மனையைச் சேர்த்து வாங்கினால்தான் கோபுரம் எழும்பும், மாம்பலத்தில் ஏழெட்டு அண்ணன் தம்பி பாகங்களைச் சேர்த்து ஒரே நாளில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் பில்டர் காசிக்கே போய்விட்டு வந்துவிடலாம். ஓ.எம்.ஆரில் சாலை ஆறு வழி, இரண்டு பக்கமும் ஏக்கர் கணக்கில் வயலும் தரிசும் கிடந்தன. நாவலூர், கேளம்பாக்கம் எல்லாம் பழைய சென்னைப் பெருநகர எல்லைக்கு வெளியே வேறு, அங்கே அனுமதி டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாகக் கொடுத்தார்கள்.

அதனால் என்ன ஆனது? குழாயும் ரயிலும் பள்ளிக்கூடமும் இருக்கிற இடத்தில் ஆட்களைச் சேர்க்க முடியவில்லை, எதுவுமே இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டு லாரியில் தண்ணீர் அனுப்புகிறோம். தெரு குறுகலாக இருந்தால் உயரம் வேண்டாம் என்று நினைத்ததில் தப்பில்லை, தீ பிடித்தால் வண்டி உள்ளே வர வேண்டுமே. ஆனால் ஐந்து மாடிக்குள்ளேயே உங்கள் தெருவில் இன்னும் எவ்வளவோ பேரை உட்கார வைக்கலாம். சின்ன மனைகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சலுகை, கார் இல்லாத சின்ன வீடுகளுக்கு ஒரு சலுகை என்று கொடுத்தால் போதும். கோபுரமா தனி வீடா என்று இரண்டையே வைத்துப் பேசிப் பேசி நடுவில் இருப்பதை மறந்துவிட்டோம்.

எங்கள் அசோசியேஷன் "இனி இந்தத் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்" என்று தீர்மானம் போட்டிருக்கிறது. செல்லுமா?
– நங்கநல்லூர்

செல்லாது. தீர்மானத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். விதிக்கு உட்பட்ட பிளானைத் தடுக்க தெருவாசிகளுக்கு அதிகாரம் இல்லை. பிளானை மீறிக் கட்டினால் மட்டும் விடாதீர்கள். ஸ்டில்ட்டில் ரகசியமாக ஒரு ரூம், மொட்டைமாடியில் ஒரு வீடு, இவைதான் வழக்கமாக நடப்பவை. அதற்கு மனு போட்டால் காது கொடுப்பார்கள், சில சமயம்.

நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், பக்கத்தில் ஒரு அங்குலம் காலி கிடையாது. இன்று பக்கத்தில் இடம் விடாமல் கட்டினால் சீல் வைப்பார்கள் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் தெருவே சட்டவிரோதமா?
– திருவல்லிக்கேணி, இப்போது போரூர்

இல்லை. உங்கள் தெருவுக்கென்று விதியில் தனி வகையே இருக்கிறது, தொடர் கட்டிடப் பகுதி. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூரின் பழைய தெருக்கள் மாதிரி இடங்களில் பக்க இடைவெளி விடாமல் கட்டலாம். விதி எழுதியவர்களுக்கும் வேறு வழி இல்லை. 15 அடி அகல மனையில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி விடச் சொன்னால் வீட்டுக்குப் பதில் ஒரு நடைபாதைதான் கட்ட முடியும்.

பழைய வீடுகள் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து வாங்கவில்லை, நடுவில் முற்றம் வைத்து மேலிருந்து வாங்கின. புதிய விதி வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும் என்கிறது. அடையாறிலோ அண்ணா நகரிலோ அது நடக்கும், சின்ன மனையில் என்ன நடக்கிறது என்றால் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மூன்றடிச் சந்து விழுகிறது, அதில் வெளிச்சமும் வராது, காற்றும் வராது, உடைந்த கமோடும் தேங்காய் மட்டையும்தான் கிடக்கும். இது என்ன இடைவெளி என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எதற்கும் உதவாத அந்த இடுக்கை விடுவதற்குப் பதில் அதே அளவை நடுவில் முற்றமாக விட அனுமதித்தால் என்ன?

உங்கள் கடிதத்தில் "அவ்வளவு நெருக்கமாக இருந்தோம், ஆனால் நன்றாக இருந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, கொஞ்சம் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். இது அடர்த்தி. இதுவே நெரிசல் ஆகிவிடாது. ஒரு தெருவில் நிறையக் குடும்பம் இருப்பது அடர்த்தி, ஒரு ரூமில் நிறையப் பேர் இருப்பது நெரிசல். திருவல்லிக்கேணியில் இரண்டும் இருந்தன. வாசல் திண்ணையும் முற்றமும் வைத்த வீட்டிலேயே பின்கட்டில் ஒண்டிக்குடித்தனமாக ஏழெட்டுக் குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், விடியற்காலையில் வாளியோடு வரிசை. அந்த ஸ்டோர் வீடுகளில் இருந்தவர்களைக் கேட்டால் இவ்வளவு ஏக்கமாகச் சொல்ல மாட்டார்கள். தெரு நெருக்கமாக இருக்கட்டும், வீட்டுக்குள் கால் நீட்ட இடம் இருக்க வேண்டும். மாடி எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு நான் ஆதரவு தருவது இதனால்தான், மாடி ஏறாவிட்டால் ஜனம் குறைந்துவிடாது, அதே ரூமுக்குள் மடங்கும்.

1984-இல் கட்டிய எட்டு வீடு கொண்ட அடுக்குமாடியில் இருக்கிறோம். பில்டர் வந்து இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன், பழையதைவிடப் பெரிய வீடு, பணமே வேண்டாம் என்கிறார். பின் தெருவில் இதே வயசுக் கட்டிடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதாவது சூது இருக்குமோ?
– அசோக் நகர்

சூது இல்லை, தெரு. உங்கள் வாசலில் 40 அடிச் சாலை, பின் தெருவில் இருபதோ இருபத்திரண்டோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கட்டிடம் இரண்டு கிரவுண்டு, 4800 சதுர அடி. 1.5 கணக்கில் அன்று 7200 கட்டியிருப்பார்கள். இன்று 2-உம் அதற்கு மேல் 40 சதவீதப் பிரீமியமும் சேர்த்தால் 2.8, அதாவது 13,440. உங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கு 1000 கொடுத்தாலும் பில்டர் கையில் 5000-க்கு மேல் மிஞ்சுகிறது, அதை விற்றுத்தான் கட்டுமானச் செலவும் அவர் லாபமும். பின் தெருவில் பிரீமியம் வாங்கித் தேற்ற முடியாது, 9600-தான், மிஞ்சுவது சொற்பம். அந்தக் கட்டிடம் இடிந்து விழுகிற வரை அப்படியேதான் இருக்கும். இதே கதைதான் கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும்.

முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலே ஏழு பேர் மாட்டிக்கொள்வார்கள். 2022-இல் இயற்றி 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமையாளர் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வந்துவிட்டது. எட்டில் ஆறு. இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பத்திரத்தில் யூ.டி.எஸ்., அதாவது மனையில் உங்கள் பிரிக்கப்படாத பாகம், எவ்வளவு என்று பாருங்கள். பழைய பத்திரங்களில் எட்டுப் பேர் பாகத்தையும் கூட்டினால் மனை அளவே வராது, யாரோ கொஞ்சம் பாக்கி வைத்திருப்பார்கள். புது வீடு எத்தனை சதுர அடி என்று கேட்கிறீர்களே, அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது புதுக் கட்டிடத்தில் உங்கள் மண் எத்தனை சதுர அடி என்பது. வீடுகள் கூடும்போது அது கட்டாயம் குறையும், எவ்வளவு குறைகிறது என்பதில்தான் பேரம்.

என் கணவர் 2012-இல் வாங்கிய மனை அன்அப்ரூவ்டு. அப்போது எல்லோரும் வாங்கினார்கள். ஏன் இப்படி ஒரு மனையை விற்கவே விடுகிறார்கள்?
– திருநின்றவூர்

ஏனென்றால் அப்ரூவ்டு மனை உங்கள் கணவரின் சம்பளத்துக்கு எட்டவில்லை. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, விஷயமே அதுதான். அனுமதி பெற்ற லேஅவுட் போட வேண்டுமென்றால் அகலமான சாலை விட வேண்டும், பெரிய லேஅவுட்டில் 10 சதவீதம் பூங்காவுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். என் அனுபவத்தில் ஒரு ஏக்கரில் விற்க மிஞ்சுவது ஐம்பத்தைந்து, அறுபது சென்ட்தான், மிச்சத்தின் விலையும் உங்கள் தலையில். அனுமதியில்லாத லேஅவுட்டில் 16 அடிச் சந்து, பூங்கா கிடையாது, எண்பது சென்ட்டுக்கு மேல் விற்றுவிடுவார்கள். விலை குறைகிறது. சட்டம் நல்ல தெருவைக் கேட்டது, நல்ல தெருவை வாங்க முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதை மட்டும் சொல்லவில்லை.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவானவற்றுக்கு. உங்களுடையது அதற்குள் வருகிறது. கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்தியாகிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் கால அவகாசம் இப்போது எப்படி இருக்கிறது என்று உள்ளூர் அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள், புரோக்கர் பேச்சை நம்ப வேண்டாம். கட்டிடங்களுக்கும் இதே கதை உண்டு. 1998-இல் 113-ஏ என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்து, மீறிக் கட்டியதை ஒரே ஒரு தடவை மன்னிக்கிறோம் என்றார்கள். அந்த ஒரே ஒரு தடவை நாலைந்து வருஷம் நீண்டுகொண்டே போய், கடைசியில் 2006-இல் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்றது.

மகனைப் பார்க்க அமெரிக்காவில் சான் ஹோசே போயிருந்தேன். மைல் கணக்கில் தனித் தனி வீடு, புல்வெளி, தெருவில் ஆளே இல்லை. இவ்வளவு இடம் இருந்தும் என் மகன் வாடகைக்கு அழுகிறான். அங்கே ஏன் நம் ஊர் மாதிரி நாலு மாடி போடக்கூடாது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, போடக்கூடாது என்றே சட்டம் இருந்தது. அந்த ஊரில் குடியிருப்பு நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு மனைக்கு ஒரு தனி வீடு மட்டும் என்று ஒதுக்கியது. நம் ஊரில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று வகை உண்டு, ஆனால் "இங்கே அடுக்குமாடியே வரக்கூடாது" என்று ஊரின் பெரும்பகுதியைப் பூட்டி வைத்ததில்லை.

தனி வீடு மட்டும் என்ற விதிக்கு ஆரம்பம் உங்கள் மகன் ஊருக்குப் பக்கத்திலேயே, பெர்க்லியில், 1916. அடுத்த வருஷமே, நிறம் பார்த்து இன்ன தெருவில் இன்னார் குடியிருக்கக்கூடாது என்று விதி போடுவது செல்லாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிவளைத்துச் சொல்ல இந்த விதி வசதியாகிவிட்டது, பெரிய மனை, தனி வீடு என்றால் வசதி இல்லாதவர்கள் தானாகவே வர முடியாதல்லவா. 1926-இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் அதே நீதிமன்றம் இப்படிப் பிரித்து வைப்பது சரிதான் என்றது. தனி வீடுகளுக்கு நடுவே வரும் அடுக்குமாடியை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணி என்றே எழுதியது! கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரியிலிருந்து பெரும்பாலான தனி வீட்டு மனைகளில் இரண்டு வீடு கட்டலாம், மனையையும் இரண்டாகப் பிரிக்கலாம் என்று மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. உங்கள் மகன் வாடகை குறைய இன்னும் நாளாகும்.

எஃப்.எஸ்.ஐ.யை இன்னும் ஏற்றினால் வீட்டு விலை இறங்குமா?
– வேளச்சேரி

ஊர் முழுக்க ஏற்றினால் காலப்போக்கில் உதவும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சாலையில் மட்டும் ஏற்றினால் மனைக்காரர் மறுநாளே விலையை ஏற்றிவிடுவார், லாபம் அவரோடு நின்றுவிடும். ஏற்றாமல் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையைப் பாருங்கள். 1991 விதியில் தீவு நகரம் எனப்படும் தெற்குப் பகுதிக்கு எஃப்.எஸ்.ஐ. 1.33, புறநகருக்கு 1. உலகத்திலேயே நெரிசலான ஊர்களில் ஒன்றுக்கு இப்படி ஒரு எண். 2011 கணக்கில் அந்த மாநகரத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். எண்ணைக் குறைத்ததால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறைத்ததால் யாரும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை.

ஒன்று மட்டும், எல்லா இடத்திலும் ஏற்று என்று நான் சொல்லவில்லை. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பு, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் நிலத்தடி நீர் ஊறும் பகுதி, இங்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை விழுங்கிவிட்டு மாம்பலத்தில் மாடியைத் தடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் வீடு விதிப்படி இருக்கிறதா?
– பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்றவர்

தரை மேல் ஒரு மாடி, முக்கால் கிரவுண்டு. இன்று கட்டியிருந்தால் சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கியிருக்கலாம், 2024-இலிருந்து 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டுவதற்கு அந்த வசதி இருக்கிறது. அன்று மூன்று மாதம் அலைந்தேன். பிளான்படி வலது பக்கம் காலியாக இருக்க வேண்டும். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு வாஷிங் மெஷின் வைத்திருக்கிறோம். எடுத்துவிடலாம் என்று நான் வருஷா வருஷம் சொல்கிறேன், வீட்டில் "மழை வந்தால் துணியை உங்கள் செட்பேக்கிலா காயப்போடுவது" என்கிறார்கள்.